மாடியில் சுதன், டிவி முன்னால் ரெனிஷா

1

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போன இடத்தில் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. சுசீந்திரத்தில், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஒருவன் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, "இப்பம் வந்துதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஒரு பெண்குரல், "இல்ல!" என்றது. நான் கேட்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

அவனுக்குச் சுதன் என்று பெயர் வைத்தேன். அவன் மனைவிக்கு ரெனிஷா.

2

'காற்றில் சாய்ந்த ஆன்டெனா, அவர்களுடைய வாழ்க்கையைப் போலவே...'

சீ, வேண்டாம். இதற்கா ஒருவன் வெயிலில் வேகிறான்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சுதன் நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மஸ்கட் போகிறான். விசா வந்த அன்று, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள் ரெனிஷா. அவன் கேட்கவில்லைதான். அன்றோடு பேச்சு நின்றது. சோறு மேசைக்கு வரும், மூடியிருக்கும், அவள் வரமாட்டாள்.

போகுமுன் டிவியையாவது சரியாக்குவோம் என்று மாடி ஏறியிருக்கிறான். ஒருவர் மேலே திருப்பினால் இன்னொருவர் கீழே நின்று பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்!

3

"இப்பம் வந்துதா?"

"வரல்ல."

"கிழக்க திருப்பட்டா?"

"திருப்புங்க."

படம் எப்போதோ வந்துவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறாள். 'வந்துட்டு' என்றால் அவன் இறங்குவான், பெட்டி கட்டுவான், மறுபடி வீடு ஊமையாகிவிடும். சொல்லிவிடாதே அம்மா!

4

[இங்கே கதை இடறியது. படம் வந்தால் சத்தமும் வருமே? சமையல் நிகழ்ச்சியில் கடுகு வெடிப்பது மாடிவரை கேட்காதா? சத்தத்தைக் குறைத்துவிட்டாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். எவ்வளவு மலிவான தந்திரம்!]

சரி, கேட்டது. சுதனுக்கு நன்றாகவே கேட்டது. அவன் டிஷ்ஷைத் தொடாமல், ஸ்பேனரால் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயை 'டங், டங்' என்று தட்டினான்.

"ஏட்டி, இப்பம் வந்துதா?"

விசா வந்தபிறகு அவன் அவளை 'ஏட்டி' என்று உரிமையோடு கூப்பிட்டது அப்போதுதான்.

ரெனிஷா திரையைப் பார்த்தாள். மேலே அத்தனை தட்டு தட்டுகிறான், படம் கொஞ்சமும் ஆடவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"வரல்ல."

5

அவன் பயணத்தை நிறுத்தினான் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், நானே நம்பவில்லை. போனான் என்று இன்னொன்று, கை வரவில்லை. என்னால் ஆகாது.

வாசகரே, நீங்கள் வந்து டிவி முன்னால் நில்லுங்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. படம் துல்லியமாக இருக்கிறது. மேலே அவன் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஏட்டி, வந்துதா?"