நன்றி சொல்ல வந்த ஜீப்

எங்கள் எம்.பி. தன்னை ஜெயிக்க வைத்ததற்கு நன்றி சொல்ல வந்தார். வந்து மூன்று வருஷமாகிறது. இன்னும் எங்கள் ஊரைத் தாண்டவில்லை.

திறந்த ஜீப்பில் நிற்கிறார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்கிறது. அந்தக் கைக்குள் ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறந்தும் போய்விட்டது. முன்னால் கொட்டு. பின்னால் வேட்டு. அதற்கும் பின்னால் கார்கள். கடைசிக் காரை யாரும் பார்த்ததில்லை. ஊருக்குள் இருப்பது ஒரே ரோடு. அதை இவர்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தொகுதி அப்படி, அவர் என்ன செய்வார் என்கிறார்கள். மேற்கே மலையில் சொன்ன நன்றி கிழக்கே உப்பளத்துக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த எலெக்‌ஷன் வந்துவிடும். மழை மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். எங்களுக்கு இடிச் சத்தம் மட்டும் வரும். விளைவது மிளகாய். அது பொய்த்தால் கருவேலங்கரி மூட்டம் போடுவோம். அதுவும் போனால் பிள்ளைகளைத் திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிடுவோம்.

வாய்க்கால் கரை ஊர்களெல்லாம் உரல் கட்சி. எங்களைப் போன்ற மானாவாரி ஊர்களெல்லாம் தூண்டில் கட்சி. வாய்க்காலில் தண்ணீர் வந்ததே இல்லை. காய்ந்த காட்டில் தூண்டிலை வைத்து என்ன எழவைப் பிடிப்பது என்று ஒரு பயலும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா தூண்டிலுக்குக் குத்தினார், நானும் குத்தினேன். ஜெயித்தது உரல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிளகாய்க் காட்டில் என் தம்பி காசிராசனைக் கண்ணாடி விரியன் கடித்தது. தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி. வாசலில் நர்சம்மா ஊசியோடு நின்று, "சீக்கிரம் கொண்டாங்க!" என்று கத்தினார். அவருடைய மூக்குத்திகூடத் தெரிந்தது.

ரோட்டில் காலை வைத்தேன். ரோடு அகலமானது. இன்னொரு எட்டு வைத்தேன். இன்னும் அகலமானது.

உரல் கட்சியின் கிளைச் செயலாளர் உடையப்பன் குறுக்கே வந்தார். எங்கள் பெரியப்பா மகன்தான்.

"எங்கடா போற?"

"தம்பியப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே. வழி விடச் சொல்லுங்க."

"நீங்க எந்த பூத்து?"

"பள்ளிக்கூடத்து பூத்து. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த பூத்துல நமக்கு லீடு இல்லையேப்பா."

"விஷம் ஏறுதுண்ணே!"

"பாம்பு எந்தப் பக்கத்துது? வாய்க்காப் பக்கமா, காட்டுப் பக்கமா?"

"காட்டுப் பக்கம்."

"பாத்தியா? தூண்டில்காரன் பாம்பு. அவன்ட்டயே போய்க் கேளு."

தம்பியின் கால் உரல் தண்டிக்கு வீங்கியிருந்தது. "அண்ணே, கண்ணு இருட்டுது" என்றான். உடையப்பனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். ஜீப்பில் ஏறி, தம்பியை எம்.பி.யின் காலடியில் கிடத்தினேன்.

"ஐயா, வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லுங்க. அந்தா தெரியுது பாருங்க."

எம்.பி. குனிந்து பார்த்தார்.

"நன்றி" என்றார்.

"செத்துக்கிட்டிருக்கான்யா!"

"மிக்க நன்றி."

"உங்க நன்றிய எவன்யா கேட்டான்? இறங்கித் தொலைங்க!"

அவர் என் காதருகே வந்தார். "தம்பி, எனக்கு இது ஒண்ணுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து உரக்க, "நன்றி!" என்றார்.

அதற்குள் கூட்டம் கவனித்துவிட்டது. வண்டியில் ஒருத்தன் நீட்டிப் படுத்திருக்கிறான். முன்னால் கொட்டு, பின்னால் வேட்டு. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எங்கள் ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொட்டுக்காரர்கள் அடியை மாற்றினார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டார்கள். யாரோ தம்பியின் கழுத்தில் ஒரு மாலையை வீசினார்கள்.

ஜீப் நகர்ந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"சுடுகாட்டுக்கு. எம்.பி. நிதியில எரிமேடை கட்டியிருக்கோம்ல. தொகுதியிலயே அதுக்குத்தான் தார் ரோடு."

திரும்பிப் பார்த்தேன். நர்சம்மா ஊசியோடு வெகுதூரத்தில் சின்னதாக நின்றிருந்தார்.

"அண்ணே, நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டான் காசிராசன்.

"இருக்கடா. நீ இருக்க."

எழுந்து நின்று கத்தினேன். "உசுரோட இருக்கான்டா, பாவிகளா! கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு?" கொட்டுச் சத்தத்தில் ஒருத்தன் காதிலும் விழவில்லை. உடையப்பன் ஜீப்புக்கு முன்னால் பூ இறைத்துக்கொண்டே ஓடினார். தேம்பித் தேம்பி அழுதார். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் முறை ஆயிற்றே. பக்கத்தில் எம்.பி. எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தார்.

தம்பியின் கழுத்து மாலையைப் பிய்த்து எறிந்தேன். இன்னொன்று விழுந்தது. அதையும் பிய்த்தேன். வாய்க்கால் கரைக்காரன் ஒன்று போட்டான், மானாவாரிக்காரன் ஒன்று போட்டான். தார் ரோட்டில் குலுக்கலே இல்லை. ஜீப் நல்ல வேகத்தில் போகிறது. ஒரு கையால் பிய்த்துக்கொண்டே, இன்னொரு கையால் அவன் விரலைப் பிடித்திருக்கிறேன். இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.