ஓ. ஹூவீலர், இரண்டாம் மாடி

லூசர்ன் நகரத்தில் மார்யாவுக்கு முதன்முதலில் கடிதம் எழுதியவர் இரண்டாம் மாடி ஃப்ராவ் ஹூவீலர்தான். மார்யா மூன்றாம் மாடிக்குக் குடிவந்து நான்கே நாள் ஆகியிருந்தது. கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அச்சில் வார்த்தது போன்ற எழுத்து.

“நேற்று டிரம்பெட் 20.04 வரை கேட்டது. வீட்டு விதிப்படி 20.00. நட்புடன், ஓ. ஹூவீலர், இரண்டாம் மாடி.”

அந்த ‘நட்புடன்’ என்ற சொல்லை நம்பி, பாவம், மார்யா ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக்கொண்டு கீழே போனாள். கதவு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தது. குட்டையான நரைமுடி, இஸ்திரி போட்ட சட்டை, காதில் சொருகிய பென்சில்.

“சாக்லேட்டுக்கு நன்றி. ஆனா இதுக்கும் எட்டு மணிக்கும் சம்பந்தம் இல்லைங்க” என்றார் ஃப்ராவ் ஹூவீலர். கதவு மூடிக்கொண்டது. சாக்லேட் மட்டும் உள்ளே போய்விட்டது.

அவர் முப்பத்தைந்து வருஷம் ரயில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர் என்பது மார்யாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

மார்யா எஸ்தோனிய நாட்டு டார்ட்டு ஊர்க்காரி. ஏழு வயதில் டிரம்பெட்டை எடுத்தவள், இருபத்தொன்றில் இங்குள்ள இசைக் கல்லூரிக்கு ஒரு வருஷப் பரிமாற்ற மாணவியாக வந்திருந்தாள். அவள் ஊதினால் சுரம் தூக்குக்குண்டு விட்டது போல நேராக நிற்கும். உதட்டில் குழல் இருக்கும்போது சிரிக்கவே கூடாது, சிரித்தால் சுரம் வழுக்கிவிடும் என்று ஊரில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பதினாலு வருஷமாக ஊதும்போது அவள் சிரித்ததில்லை. லூசர்னில் அதைக் கடைப்பிடிப்பது இன்னும் சுலபமாக இருந்தது, ஏனென்றால் சிரிக்க வைக்கவும் ஆளில்லை.

ஊர் மக்களைக் குறை சொல்ல முடியாது. படியில் எதிர்ப்பட்டால் வணக்கம், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், போகும்போது இன்னொரு வணக்கம். அவ்வளவுதான். ஒருநாள் துணிந்து வகுப்புத் தோழியிடம் காபி குடிக்கலாமா என்று கேட்டாள். தோழி முகமெல்லாம் மலர்ந்து, “அட, கண்டிப்பா!” என்று நாட்குறிப்பை எடுத்தாள். “மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை, நாலு பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் சரியா இருக்குமா?”

அந்த வியாழக்கிழமைக்குள் மார்யாவின் மேசை இழுப்பறையில் ஏழு மஞ்சள் சீட்டுகள் சேர்ந்திருந்தன. துணி துவைக்கும் அறையில் வடிகட்டியில் பஞ்சு. பால்கனியில் மதிய ஓய்வு நேரத்தில் தரைவிரிப்பைத் தட்டியது. காலிப் புட்டியை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போட்டது. எல்லாவற்றிலும் நேரம், எல்லாவற்றிலும் நட்புடன். அந்த ‘ஓ’ எந்தப் பெயரின் முதலெழுத்து என்று மார்யா படுத்துக்கொண்டே யோசிப்பாள். அங்கே மூத்தவர்கள் தாமாக முன்வந்து முதற்பெயரைச் சொன்னால்தான் நாம் கூப்பிடலாம். அதுவரை திருமதி, திரு என்பது போல ஃப்ராவ், ஹெர் என்று எட்ட நின்றே பேசவேண்டும். நான்கு மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஜனவரியில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய் வேலை பார்க்கும் தரைத்தளத்து ஹெர் ஆம்ரைன் வந்து, தரையில் மல்லாந்து, தொட்டிக்கு அடியிலிருந்தே பேசினார்.

“மேல ஊதுறது நீதானா?”

“ஐயோ, எட்டு மணிக்கு நிறுத்திட்டேன்!” என்றாள் மார்யா பதறிப்போய்.

“அதை யாரு கேட்டா? எங்க வாத்தியக் கூட்டத்து மெல்க் பனிச்சறுக்கு வண்டியில போய் வேலியில மோதி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டான். திருவிழாவுக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு, டிரம்பெட்டுக்கு ஆளில்ல. செவ்வாக்கிழமை ஏழு மணி, நிலவறைக்கு வந்துடு.” அழுக்கு படிந்த கையை நீட்டினார். “நான் யோஸ்ட்.”

யோஸ்ட்! ஹெர் ஆம்ரைன் இல்லை, வெறும் யோஸ்ட். மார்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அழுக்கைப் பார்க்காமல் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தொட்டியில் தண்ணீர் இறங்கியதா என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஃபாஸ்நாக்ட் திருவிழா வந்தால் லூசர்ன்காரர்களுக்கு ஆறு நாள் பித்துப் பிடிக்கும். ஊர் முழுக்க முகமூடி, ஊர் முழுக்கக் குக்கன் கூட்டங்கள். குக்கன் என்றால் வேஷம் கட்டிய பித்தளை வாத்தியக் கூட்டம். வேண்டுமென்றே கோணலாக ஊதுவார்கள். யோஸ்டின் கூட்டத்துக்கு ‘ஓட்டைக் கெண்டி’ என்று பெயர். வேஷம் வருஷத்துக்கு வருஷம் மாறும். நாற்பதாவது வருஷம் என்பதால் இம்முறை பேருக்கேற்றபடி எல்லாரும் கெண்டிதான்.

போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று கட்டிய கான்கிரீட் நிலவறைதான் ஒத்திகை இடம். ஒரு முழம் கனத்தில் இரும்புக் கதவு. உள்ளே இருபது பேர், பீர் பெட்டிகள், ஒரு பெரிய முரசு. மார்யா முதல் பாட்டை ஊதினாள். நான்காவது வரியில் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

“அழகா இருக்கு” என்றாள் பக்கத்து டிரம்பெட்காரி ரேகுலா. பகலில் பல் மருத்துவர். “அதாண்டி பிரச்சனை. கல்யாண மண்டபத்துக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு.”

“தப்பா ஊதணுமா?” என்று கேட்டு மார்யா தப்பாக ஊதினாள். சுரத்தைக் கலைத்தாள், தாளத்தையும் விட்டாள். முரசுக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

“தப்பு வேற, கோணல் வேறம்மா” என்றார் யோஸ்ட், மலைப்பாம்பு போல உடம்பைச் சுற்றியிருந்த தன் பெரிய ஊதுகுழலுக்குள் இருந்து. “தாளம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும். சுரம் மட்டும் ரெண்டு கிளாஸ் போட்டுட்டு வீட்டுக்குப் போற மாதிரி போகணும்.”

“எப்படி?”

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து செய்வதை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள்?

அன்றே அவளுக்கு ‘ஸ்கேலு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “ஸ்கேலு, அந்தப் பீரை இப்படித் தள்ளு.” “ஸ்கேலு வந்துட்டா, எல்லாரும் நிமிந்து உக்காருங்கப்பா.” நாட்குறிப்பைப் பார்க்காமல் தோளில் அடித்தார்கள், அவள் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றார்கள். வாரம் முழுவதும் மார்யா செவ்வாய்க்கிழமைக்காகவே உயிரோடிருந்தாள். அறையில் கோணலாக ஊதிப் பழகினாள். கன்னத்தை உப்பினாள், உதட்டைத் தொங்கவிட்டாள், ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தாள். பதினாலு வருஷப் பழக்கம் அசைந்துகொடுக்கவில்லை. சுரம் ஒவ்வொரு முறையும் எழுந்து நேராக நின்றது.

காகிதக் கூழால் கெண்டித் தலையை அவளே செய்தாள். மூக்குக்குப் பதில் குழாய், உச்சியில் மூடி. படியில் தூக்கி வரும்போது சொட்டிவிட்டது போல. மறுநாள் சீட்டு: “முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையே மூன்று பசைச் சொட்டுகள். நட்புடன், ஓ. ஹூவீலர், இரண்டாம் மாடி.” மார்யா ஈரத்துணியோடு குனிந்து தேடினாள். சரியாக மூன்றுதான் இருந்தன.

கடைசி ஒத்திகை முடிந்ததும் யோஸ்ட் அவளைக் கதவோரம் அழைத்துப் போனார். கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மனுஷன். தொப்பியை எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார்.

“வியாழக்கிழமை காலையில ஊது. பாப்போம். அப்பவும் இப்படியே நேரா நின்னுச்சுன்னா... மத்தியானத்துல இருந்து நீ விளக்குக் கம்பு தூக்கிக்கோ. மோசமான வேலை இல்ல. முன்னாடி நடக்கலாம்.”

“நானும் அதைத்தான் தூக்குறேன்” என்றான் மெல்க், கட்டுப்போட்ட கையை உயர்த்தி ஆறுதலாக. “உனக்கு ரெண்டு கை இருக்கு, எனக்கு ஒத்தாசையா இருக்கும்.”

மார்யா சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். விளக்குக் கம்பு தூக்குவது ஒன்றும் அவமானமில்லைதான். ஆனால் அவளுக்கு முன்னால் நடக்க வேண்டாம். நடுவில் நிற்கவேண்டும், இடது பக்கம் ரேகுலா முழங்கையால் இடிக்க, பின்னால் யோஸ்டின் குழல் உறும, அவர்களில் ஒருத்தியாக.

வியாழக்கிழமை விடியலுக்கு முன் நாலு மணிக்கு எல்லாரும் யோஸ்டின் சமையலறையில் மாவு சூப் குடித்தார்கள். ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் வெடி. ஊரே அதிர்ந்தது. சதுக்கத்தின் மேலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. எங்கு பார்த்தாலும் சூனியக்காரிகள், கரடிகள், பேய்கள். வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாத அதே ஜனங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குளிரில் மார்யாவின் விரல்கள் மரத்தன.

முதல் பாட்டு நேர். இரண்டாவதும் நேர். அத்தனை கோணலுக்கும் நடுவில் அவளுடைய ஒற்றைச் சுரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல கைகட்டி நின்றது. யோஸ்டின் கெண்டித் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பி, பிறகு வேறு பக்கம் பார்த்தது. முகம் தெரியாவிட்டாலும் மார்யாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு பாட்டு. அப்புறம் கம்புதான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கோழி வந்தது.

ஆள் உயரக் கோழி. சிவப்புக் கொண்டை, நிஜ இறகுகள், மஞ்சள் காலுறை. நேராக ஓட்டைக் கெண்டிகளின் நடுவில் நுழைந்து மார்யாவின் முன்னால் நின்றது. தலையைச் சாய்த்துக் கெண்டியை மேலும் கீழும் பார்த்தது. இறக்கையை விலக்கிக் கைக்கடிகாரம் பார்த்தது. பிறகு கொண்டைக்குள்ளிருந்து ஒரு பென்சிலை உருவி, கழுத்தில் தொங்கிய அட்டையில் ஏதோ எழுதிக் கிழித்தது. மார்யாவின் டிரம்பெட்டில் இசைத்தாள் செருகும் கவ்வியில், அவள் கண்ணுக்கு நேரே, அதைச் செருகிவிட்டது.

யோஸ்ட் “ஒண்ணு, ரெண்டு!” என்று கத்திவிட்டார். மூன்றாவது பாட்டு தொடங்கிவிட்டது. மார்யா ஊதிக்கொண்டே, கெண்டியின் ஓட்டை வழியாகப் படித்தாள். மஞ்சள் சீட்டு. அச்சில் வார்த்தது போன்ற எழுத்து.

“05.22. கூரை வழியே ஐந்து மாதம் கேட்ட அதே டிரம்பெட். மிகவும் நேராக வாசிக்கிறீர்கள். இன்று இதற்கு அனுமதி இல்லை. நட்புடன், ஓ. ஹூவீலர், இரண்டாம் மாடி.”

மார்யாவுக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு தோள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பதினாலு வருஷமாக அடைத்து வைத்த சிரிப்பு, உதட்டில் குழல் இருக்கும்போதே வெடித்துக் கிளம்பியது. சுரம் வழுக்கியது. மேலே ஏறி, பக்கவாட்டில் சரிந்து, கீழே விழப்போய், விழாமல், முரசு அடித்த இடத்தில் டக்கென்று வந்து நின்றது. அடுத்த சுரமும் அப்படியே. நிறுத்தவும் முடியவில்லை, நேராக்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய ஊதினாள்.

“அதாண்டி! அதேதாண்டி!” ரேகுலா தன் குழலை எடுத்துவிட்டு அலறினாள். “யோஸ்ட், கேட்டியா? ஸ்கேலு வளைஞ்சிருச்சு!”

யோஸ்ட் கேட்டுவிட்டார். குழலை வானத்துக்குத் தூக்கி, கட்டடம் ஆடுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டார். பாட்டு முடிந்ததும் மெல்க் ஒற்றைக் கையால் விளக்குக் கம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “சரி, நானே தூக்கிக்கிறேன், நன்றி கெட்டவளே” என்றான். மார்யா சுற்றிலும் தேடினாள். கோழி கூட்டத்தில் மறைந்துவிட்டிருந்தது.

ஆறு நாளும் ஊதினார்கள். பிறகெல்லாம் சீட்டு தேவைப்படவில்லை; அதை நினைத்தாலே போதுமாக இருந்தது.

திருநீற்றுப் புதன் அன்று ஊர் தூங்கி எழுந்து மறுபடி மரியாதையாகிவிட்டது. தெருவெல்லாம் பெருக்கிக் கழுவியாகிவிட்டது. படியில் எதிர்ப்பட்ட முதல் மாடிக்காரர் ஒன்றுமே நடக்காதது போல வணக்கம் சொன்னார். கல்லூரியிலிருந்து வந்த மார்யா இரண்டாம் மாடியை நெருங்கும்போது குனிந்து பார்த்தாள். சற்று யோசித்தாள். பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முடிந்தவரை அச்சு எழுத்தில் எழுதி, ஃப்ராவ் ஹூவீலரின் கதவில் செருகினாள்.

“முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையே மூன்று கோழி இறகுகள். நட்புடன், மார்யா, மூன்றாம் மாடி.”

செருகிவிட்டுத்தான் பயந்தாள். திருவிழா முடிந்துவிட்டதே, இப்போது இதெல்லாம் செல்லுமா? மேலே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு டிரம்பெட்டைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தபோது அவள் தாள் அவள் கதவுக்கே திரும்பி வந்திருந்தது. அடியில் பென்சிலால் ஒரு வரி.

“உண்மைதான். பெருக்கிவிட்டேன். ஒட்டீலியா.”

நேரம் இல்லை. மாடி இல்லை. மார்யா படியில் நின்றபடி அந்தப் பெயரை மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கீழே கதவு திறந்தது. ஒரு சாண் இல்லை, முழுசாக.

“அங்கயே நின்னு எத்தனை தடவை படிப்ப?” என்றது ஃப்ராவ் ஹூவீலரின் குரல். “காபி போட்டுட்டேன். வா.”

“எப்ப?” என்றாள் மார்யா, பழக்கதோஷத்தில்.

“இப்பத்தான், வேற எப்ப? ஆறிடப் போகுது, இறங்கி வா.”