பழுப்பு போன வின்செஸ்டர்

க்ளேரின் அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி ஆர்லீன் மெர்லுக்கு ஃபோன் செய்தார். வீட்டில் மொத்தம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்றே தனக்குத் தெரியவில்லை, வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மெர்லும் க்ளேரும் நாற்பது வருடம் சேர்ந்து மான் வேட்டைக்குப் போனவர்கள். மெர்ல் உடனே கிளம்பிப் போனார்.

நாற்பத்தொன்று இருந்தன. கட்டிலுக்கு அடியில், துணி அலமாரியில், கார் ஷெட்டின் பரணில். கடைசியாக அகப்பட்டது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த சின்ன ரைஃபிள். காய்கறிப் பாத்தியைத் தோண்டும் கிரவுண்ட்ஹாக் என்ற வளைப் பிராணிகளை விரட்ட க்ளேர் அங்கே வைத்திருந்தது. மெர்ல் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே தோட்டா இருந்தது.

"அத தினமும் நகத்தி வச்சுட்டுத்தான் பெருக்குறேன்," என்றார் ஆர்லீன்.

"எங்க பிடிச்சு நகத்துவ?"

"மேல, குழாயப் பிடிச்சுதான். வேற எங்க பிடிக்கிறது?"

மெர்ல் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடக்கம் முடிஞ்சு சர்ச்ல சாப்பாடு போட்டோமே அன்னிக்கு," ஆர்லீன் தொடர்ந்தார், "கைல ஹாம் சாண்ட்விச்ச வச்சுக்கிட்டே மூணு பேரு கேட்டாங்க. 'க்ளேரோட அந்தப் பழைய ரெமிங்டன என்ன பண்ணப் போற ஆர்லீன்?'னு. மூணு பேரும் வேற வேற விலை சொன்னாங்க. மூணு பேரும் க்ளேர் தனக்குத்தான் தர்றதா சொன்னாருன்னாங்க. எனக்கு அது எதுன்னே தெரியல மெர்ல்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெர்ல் வண்டியை மெதுவாக ஓட்டினார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. மாநில சாலைத் துறையில் பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நிலவறையில் ஐம்பத்து மூன்று துப்பாக்கிகள் இருந்தன. நான்கு போதும் என்று அன்று முடிவு செய்தார். மனைவி ரோமெய்ன் கதவுக்குப் பின்னால் கையை நீட்டும் நாள் வந்தால், அங்கே துடைப்பம் மட்டும் இருக்க வேண்டும்.

ஆனால் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் சாவைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ரோமெய்ன் அந்த மேஜையைத் தினமும் இரண்டு முறை துடைப்பவர்.

"இடத்த அடைக்குது," என்று மட்டும் சொன்னார்.

"நாப்பத்தெட்டு வருஷமா அடைக்குது," என்றார் ரோமெய்ன்.

கோடை முழுக்க துப்பாக்கிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு, அக்கா மகன்களுக்கு. ஒன்று, தன்னார்வத் தீயணைப்புப் படை நடத்தும் குலுக்கலுக்குப் பரிசாக. பெரும்பாலானவை ட்வைட்டிடம். ட்வைட் பக்கத்து ஊரில் லைசன்ஸோடு துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன். நேர்மையானவன், கொஞ்சம் அதிகம் பேசுவான். ஒவ்வொரு துப்பாக்கியும் போகும்போது மெர்ல் அதன் கதையைச் சொல்லி அனுப்பினார். எந்த ஏலத்தில் எடுத்தது, எந்த மழையில் நனைந்தது. ட்வைட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ரசீது எழுதினான்.

நிலவறையின் இன்னொரு சுவரில் ரோமெய்னின் ஜாடிகள் இருந்தன. பீட்ரூட் ஊறுகாய், பீன்ஸ், பீச். பீட்ரூட் எடுக்க இறங்கும்போதெல்லாம் எதிர்ச் சுவர் கண்ணில் படும். மரப்பலகை வருடக்கணக்கில் கறுத்துப்போயிருந்தது. துப்பாக்கி தொங்கிய இடங்கள் மட்டும் வெளுப்பாக, துப்பாக்கி வடிவத்திலேயே இருந்தன. ஜூலையில் ரோமெய்ன் அவற்றை எண்ணினார். இருபத்திரண்டு. ஆகஸ்டில் முப்பத்தைந்து. அதன்பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

ரோமெய்னுக்கு லெஸ்டர் நினைவு வந்தது. லெஸ்டர், மெர்லின் அண்ணன். ஒரு கோடையில் தூண்டில்களையெல்லாம் கொடுத்தார். பிறகு வேட்டை நாய்களைக் கொடுத்தார். அக்டோபரில் போய்விட்டார். கணையத்தில் கட்டி. டாக்டர் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார் என்பது அடக்கத்துக்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"டாக்டர் போன தடவ என்ன சொன்னாரு?" என்று ஒரு நாள் கேட்டார் ரோமெய்ன்.

"உப்பக் குறைக்கச் சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"ஆப்பிள் பையப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதனால அந்தத் தட்ட இந்தப் பக்கம் தள்ளு."

ரோமெய்ன் தள்ளினார். ஆனால் நம்பவில்லை. லெஸ்டரும் கடைசி வரை நன்றாகத்தான் சாப்பிட்டார்.

செப்டம்பரில் எட்டு மிஞ்சின. நான்கு வைத்துக்கொள்ள, நான்கு விற்க. விற்கும் நான்கில் ஒன்று வின்செஸ்டர்.

அது 1889ல் செய்த, அடியிலுள்ள கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள். கல்யாணம் ஆன வருடம் மெர்ல் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கியது. அதன் இரும்பு, முற்றிய பிளம் பழத்தின் பழுப்பில் இருந்தது. பார்க்கப்போனால் அதுவும் துருதான். ஆனால் மிக மெதுவாக, கைகளின் எண்ணெயும் காற்றின் ஈரமும் சேர்ந்து, நூற்று முப்பது வருடத்தில் படிந்த துரு. அந்தப் பழுப்புக்குத்தான் மதிப்பு. போனால் வராது. மெர்ல் அதை வேட்டைக்கு எடுத்துப் போனதே இல்லை. காட்டினால்கூட, "தொடலாம், துடைக்கக் கூடாது" என்பார். அதைச் சொல்லிவிட்டு வில்லியம்ஸ்போர்ட் ஆளின் கதையைத் தொடங்குவார். தாத்தாவின் ரைஃபிளை எஃகு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி ஏலத்துக்குக் கொண்டுவந்து, ஒருவரும் கையைத் தூக்காமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோனவன் கதை. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழியை வெட்டுமுன் அந்தக் கதை கட்டாயம் உண்டு.

சர்ச்சில் ஹாம் சாண்ட்விச்சோடு ரோமெய்னைச் சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்று மெர்லுக்குத் தெரியும். அதனால் இது போயே ஆக வேண்டும். சனிக்கிழமை வருவதாக ட்வைட் சொன்னான். அந்த வாரம் முழுக்க மெர்ல் மதியம் நிலவறைக்குப் போய் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாடி எடுக்க வந்த ரோமெய்ன் படியில் பாதியில் நின்று பார்த்துவிட்டு, ஜாடி இல்லாமலே மேலே போனார்.

வெள்ளிக்கிழமை மெர்ல் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். மறுநாள் கோழி வறுவல் விற்பனைக்கு மேஜைகள் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது சமையலறையில் எண்ணெய் வாசனை. மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வின்செஸ்டர், கழுவி வைத்த கரண்டி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

ரோமெய்ன் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"நாளைக்கு ஆள் வர்றாங்கல்ல," என்றார், திரும்பாமல். "பாக்க நல்லா இருக்கட்டும்னு."

மெர்ல் நாற்காலியில் உட்கார்ந்தார். குழல்மேல் விரலை ஓட்டினார். கரகரவென்று மெல்லிய கீறல்கள். பழுப்பு எங்கும் மிச்சமில்லை, திருகாணிகளின் பள்ளத்தில் தவிர. நாற்பத்தெட்டு வருடத்தில் ரோமெய்ன் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. முதல் முறையாக உதவ வந்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஜன்னல் திரைவரை துவைத்துப் போடும் மனுஷி. வேறு என்ன செய்வார்?

"நல்லா பளபளன்னு இருக்கு," என்றார் மெர்ல். குரலைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. "கை வலிச்சிருக்குமே."

"வலிச்சுது. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

மறுநாள் ட்வைட்டின் வண்டி நிற்பதற்குள் மெர்ல் வெளியே போய் அதன் ஜன்னலைத் தட்டினார்.

"உள்ள ஒண்ணு பாப்ப. பாத்துட்டு எதுவும் சொல்லாத."

"என்ன மெர்ல், என்ன ஆச்சு?"

"சொல்லாதன்னேன். அவ்ளோதான்."

ட்வைட் உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரிதான் இருந்தது.

"ரொம்ப சுத்தமா இருக்குங்க ரோமெய்ன்," என்றான் கடைசியில்.

"காபி குடிக்கிறியா?" என்றார் ரோமெய்ன்.

காபியும் இரண்டு துண்டு ஆப்பிள் பையும் சாப்பிட்டுவிட்டு, மற்ற மூன்றுக்கும் ரசீது எழுதினான். வண்டியில் ஏற்றும்போது மெர்லிடம் மட்டும் மெல்லச் சொன்னான். "இத யார்கிட்டயும் காட்டாதீங்க. நீங்க சொல்ற வில்லியம்ஸ்போர்ட் கதைல இனிமே உங்களச் சேத்துடுவாங்க."

மெர்ல் வின்செஸ்டரோடு உள்ளே வந்தார்.

"எடுத்துக்கலையா?" என்றார் ரோமெய்ன்.

"இல்ல. அவன்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்காம்."

"உன் காது செவக்குது. பொய் சொன்னா எப்பவும் செவக்கும்." ரோமெய்ன் காபிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அந்த வில்லியம்ஸ்போர்ட் ஆளு கதைய எத்தன தடவ சொல்லியிருக்க?"

"அது எதுக்கு இப்ப?"

"நாப்பத்தெட்டு தேங்க்ஸ்கிவிங். அத விடு, நடுவுல வந்த விருந்தாளிங்க கணக்கே இல்ல. அவன் எத வச்சுத் தேச்சான், எந்த எண்ணெய்ல முக்கித் தேச்சான், எல்லாம் மனப்பாடம் எனக்கு. அதே எண்ணெய்தான் வாங்கினேன்."

மெர்லுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ரைஃபிளை மேஜைமேல் வைத்தார்.

"தெரிஞ்சேவா பண்ணின?"

"தெரிஞ்சேதான்."

"அது நூத்தி முப்பது வருஷமா அப்படியே இருந்துச்சு, ரோமெய்ன்."

"உங்க அண்ணன் மொதல்ல தூண்டிலக் குடுத்தாரு. அப்புறம் நாயக் குடுத்தாரு. அப்புறம் போயிட்டாரு. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. நீயும் அதே வீட்ல பொறந்தவன்தானே." ரோமெய்ன் உட்காரவில்லை. "மத்ததெல்லாம் போறப்ப பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன். இதையும் குடுக்கப் போறன்னதும், சரி, முடிஞ்சுதுன்னு ஆயிடுச்சு எனக்கு. கேட்டா சொல்ல மாட்ட. ஒளிச்சு வச்சா தேடி எடுத்துடுவ. யாரும் வாங்க முடியாதபடி பண்றதுதான் வழின்னு தோணுச்சு."

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் மெர்ல். "உப்பு மட்டும்தான்."

"காதக் காட்டு."

மெர்ல் தலையைத் திருப்பினார். ரோமெய்ன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, முதலில் இடது காதை, பிறகு வலது காதைப் பார்த்தார். இரண்டிலும் சிவப்பு இல்லை. பார்த்துவிட்டு அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மெர்ல் ஆர்லீனைப் பற்றிச் சொன்னார். கதவுக்குப் பின்னால் இருந்த ரைஃபிள், குழாயைப் பிடித்து நகர்த்தியது, மூன்று வாரம் பெருக்கியது, ஹாம் சாண்ட்விச் ஆட்கள். எதையும் விடாமல் சொன்னார்.

"இத ஜூன்லயே சொல்லியிருந்தா என் கை வலிச்சிருக்காது," என்றார் ரோமெய்ன்.

"பழுப்பும் இருந்திருக்கும்."

"ஆமா. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். பாதி."

"மீதி?"

"மீதி நீ கேக்கணும். க்ளேர் ஆர்லீனுக்குப் பண்ணினத நீ பண்ணக் கூடாதுன்னு நெனச்சியே, அதே வேலையத்தான எனக்குப் பண்ணின. அவகிட்டயும் க்ளேர் ஒரு வார்த்த சொன்னதில்ல."

மெர்ல் வின்செஸ்டரை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார். "கேக்கறேன்," என்றார்.

அன்று மதியம் இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். மிச்சமிருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க ரோமெய்ன் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் மாவு பிசையும் இயந்திரங்களைக் கழற்றி மாட்டியவருக்கு அது பெரிய விஷயமாக இல்லை. மூன்றாவதிலேயே மெர்ல் சொல்லுமுன் கை போனது. எது யாருக்கு, துப்பாக்கி பூட்டும் இரும்பு அலமாரியின் எண் என்ன, ட்வைட்டின் ஃபோன் நம்பர் என்ன என்பதை ஒரே அட்டையில் எழுதினார். சமையல் குறிப்புப் பெட்டியில் ஊறுகாய்க்கும் கேக்குக்கும் நடுவில் அதைச் செருகினார்.

"அங்க ஏன்?" என்றார் மெர்ல்.

"உனக்கு எதாவது ஆனா மொதல்ல சர்ச்சுக்கு என்ன செஞ்சு அனுப்பறதுன்னுதான் பாப்பேன்."

தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கியது. விடிந்ததிலிருந்து ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நாளில் நல்ல துப்பாக்கியை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். மெர்ல் ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வின்செஸ்டரை எடுத்தார். கெடுவதற்கு இனி அதில் எதுவும் இல்லை. பழைய குழலுக்குத் தோதான தோட்டாக்களை ட்வைட் தேடிக் கொடுத்திருந்தான், காசு வாங்கவில்லை.

மதியம் சூப் குடிக்க வந்தபோது அதைக் கதவுப் பக்கம் சாய்க்கப் போனார். ரோமெய்ன் கையை நீட்டி வாங்கினார். லீவரை இழுத்து, உள்ளே பார்த்து, விரலால் தடவி, காலி என்று தெரிந்தபிறகுதான் கீழே வைத்தார். வைத்தவர் குனிந்து பார்த்தார். குழலின் ஓரம், உருகிய பனி நின்ற இடத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு.

"துடைக்கட்டுமா?"

"வேணாம்," என்றார் மெர்ல். "இருக்கட்டும்."

"பழையபடி ஆக எவ்ளோ நாள் ஆகும்?"

மெர்ல் சூப்பை ஊதிக்கொண்டு யோசித்தார். "நூத்தி முப்பது வருஷம் ஆகும்."

"அப்ப சீக்கிரம் குடிச்சுட்டுக் கிளம்பு," என்றார் ரோமெய்ன். "நாலு மணிக்குள்ள வந்துடு. இன்னிக்கு ஆப்பிள் பை இருக்கு."