பச்சைப் பொட்டு

விரிப்பை மடிக்கும்போது இஸ்திரி அக்கா ஓரத்தைத்தான் பார்ப்பாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காராத விரிப்பை அவள் அலமாரியில் ஏற விடமாட்டாள். அவளிடம் வேலை பழகிய பத்துப் பெண்களுக்கும் அதே கைதான்.

பதினொரு பேரும் சைக்கிளில் வருகிறவர்கள். காலை ஐந்து மணி ஷிப்டுக்குப் பேருந்து கிடையாது. பின்சந்துக் கம்பிவேலியில் வண்டியைப் பூட்டிவிட்டு, ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்க் கைரேகை வைக்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போயிற்று. மாதத்தில் மூன்று தடவை பிந்தினால் வேலையே போயிற்று.

அந்தச் சந்து வழியாகச் சைக்கிள் பாதை வரப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. இனி வேலியில் எதையும் பூட்டக் கூடாதாம். வண்டி நிறுத்துமிடம் எங்கே வேண்டும் என்று மக்களே வந்து வரைபடத்தில் பொட்டு ஒட்டிச் சொல்லலாமாம்.

"நம்ம பேச்ச யாருக்கா கேக்கப் போறாங்க?" என்றாள் வாயாடி. கூடத்திலேயே இளையவள் அவள்.

"அவங்களாத்தானே கூப்பிடுறாங்க. போகாம இருந்துட்டு அப்புறம் மூக்கால அழுது என்ன பிரயோஜனம்?"

சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துப் பதினொரு பேரும் மண்டபத்துக்குப் போனார்கள். சுவரை அடைத்துக்கொண்டு வரைபடம் தொங்கியது. வாசலில் ஆளுக்கொரு பச்சைப் பொட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே கேட்க ஆளில்லை. சந்தைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இஸ்திரி அக்கா சலவைக்கூடத்தின் பின்வாசலில் முதல் பொட்டை ஒட்டினாள். வாயாடி அதற்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள்.

"அங்க எங்கடி ஒட்டுற? அது பிணவறை வாசல். நமக்கு வேணுங்கிறது இந்த இடம். இது மேலயே ஒட்டு, ஓரம் பிசகாம."

பத்துப் பெண்களும் ஓரம் பிசகாமல் ஒட்டினார்கள். அக்காவுக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நிறுத்துமிடம் காப்பிக்கடைகள் இருக்கும் முன்சாலைக்குப் போய்விட்டது. அதன் கதவு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். பொட்டுகளின் எண்ணிக்கைப் பட்டியலில் பின்சந்துக்கு நேராக 'ஒன்று' என்று போட்டிருந்தது.

இஸ்திரி அக்கா அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் சின்ன வயதுக்காரர். மரியாதையாக உட்காரச் சொல்லி, சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"பாருங்கம்மா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போட்டோ எடுத்து, அதை வச்சுத்தான் எண்ணினோம்."

"தொட்டுப் பாருங்க சார்."

அவர் விரலால் தடவினார். சட்டைப் பொத்தான் அளவு தடிமன் இருந்தது. நகத்தால் நெம்பி உரிக்கத் தொடங்கினார். ஏழாவது பொட்டோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"தப்புதாம்மா. ஆனா மன்றத்துல ஒப்புதல் ஆகிப்போச்சு. அடுத்த தடவை மூணு வருஷம் கழிச்சுக் கேப்பாங்க. அப்போ தள்ளித் தள்ளி ஒட்டுங்க."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் கைமேல்தான் வந்தது. நம்பி வந்த பத்துப் பேர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அன்று மிச்சமிருந்த விரிப்புகளை எல்லாரும் மடித்து முடித்தார்கள்.

சந்தில் பாதைக்குப் பச்சை வண்ணம் பூசிய பிறகும், வேறு போக்கிடம் இல்லாமல் வேலியிலேயே வண்டிகளைப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் மதியம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது சந்தில் மாநகராட்சி லாரி நின்றது. பூட்டுகளை வெட்டிச் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். லாரியோரம் ஒருவர் கையில் அட்டையோடு நின்று, ஒவ்வொரு வண்டியையும் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"பதினொண்ணு. ரெண்டு தடவை எண்ணிட்டேன், சரியா இருக்கு."