நான் எழுதிக் கொடுத்த கேள்விகள்

கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் பாடத்தை வாசிக்கும்போதே யோசிக்க வேண்டும். சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, பிறகு கேட்க வேண்டும். நல்ல யோசனைதான். வெள்ளிமலைக்குத் திரும்பி ஏழாம் வகுப்பில் ஜூன் மாதம் ஒரு தடவை சொன்னதோடு சரி. பாடம் முடிக்கவே நேரம் போதாதபோது கேள்விக்கு எங்கே போவது?

டிசம்பரில், பிள்ளைகள் அப்படிக் கேள்வி கேட்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தேனீக்களைப் பற்றிய பாடத்துக்கு நானே பத்துக் கேள்விகளைச் சீட்டில் எழுதி, நன்றாக வாசிக்கும் பத்துப் பேருக்குக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தேன். பதில்களை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் சீட்டு வாங்கிய இருசப்பன் கேட்டான், நான் பதில் சொன்னேன். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பத்தும் முடிந்தபோது கடைசி வரிசையில் சாலம்மாள் எழுந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெண். அவளுக்கு நான் சீட்டே கொடுக்கவில்லை.

"டீச்சர், ஒரு தேனீ ஆயுசுக்கும் ஒரு கரண்டி தேன்கூட சேக்காதுன்னு போட்டிருக்குதுங்க. எந்தத் தேனீன்னு போடலியே? எங்க மலையில நாலு தினுசு இருக்குது. கொசுத்தேனீ இத்தினூண்டு, மலைத்தேனீ எம்மாம் பெருசு! ரெண்டும் ஒரே அளவா சேக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பாடத்துல இருக்கறத மட்டும் கேளு. அதிகப்பிரசங்கி, உக்காரு!" என்றேன். வகுப்பே சிரித்தது. அதிகாரி 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டு ஜீப் ஏறினார்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகும் சாலம்மாள் மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"வூட்டுக்குப் போகாம இன்னா பண்றே?"

"அழிச்சிக்கினு இருக்கறேங்க."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முதல் பாடத்திலிருந்து பக்கத்துக்கு மூன்று நான்கு கேள்விக்குறிகள். நான் சொன்னதை நம்பி, ஆறு மாதமாக இவள் ஒருத்தி யோசித்துக்கொண்டே வாசித்திருக்கிறாள். முதல் இரண்டு பாடங்களில் குறிகள் போய் ரப்பர் தேய்த்த தடம்தான் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "அழிக்காத சாலம்மா. நீ கேட்டது நல்ல கேள்வி" என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

"பரவால்லீங்க டீச்சர். அடுத்த தபா எனக்கும் ஒரு கேள்வி எழுதிக் குடுங்க. தப்பில்லாம மனப்பாடம் பண்ணிக்கினு வந்துடறேன்."