கேழ்வரகு கலந்த டப்பா

டப்பா சுவரில் மோதி மூடி தெறித்தது. பழுப்பு மாவு அடுப்படி முழுக்கப் புகையாய்ப் பரவியது. மீன் அறுத்துக்கொண்டிருந்த ஜெயராணி தலையை மட்டும் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பின் வந்த பழக்கம் அது.

“களி தின்னு வளந்த வாய்டி இது. கேவுரு மாவுன்னு எனக்குத் தெரியாதா?” அமலன் வாசலை அடைத்து நின்றான். “ஜிம்முல அத்தன பேரு முன்னால தூக்குன வெயிட்டுக் கம்பி நெஞ்சு மேலயே உக்காந்துடுச்சி. பவுடர் குடிக்கிறியா பாயசம் குடிக்கிறியா மச்சான்னு பிரபாகர் கேக்கறான். யாருடி தின்னது?”

எலி என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு வரைக்கும் வந்தது.

மாசியில் இதே அடுப்படியில்தான், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று, பரிசல் துடுப்பை எடுத்து அடித்தான். தடுக்கத் தூக்கிய வலது கை முறிந்தது. பஸ்ஸில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தருமபுரி வரைக்கும் அழுதவனும் அவன்தான். பரிசலில் வழுக்கி விழுந்துட்டாங்க என்று டாக்டரிடம் சொன்னவனும் அவன்தான். கட்டுப் பிரித்தபோது கை முருங்கைக்காயாய் வற்றியிருந்தது. “முட்டை, பருப்பு, பால் நல்லா சேத்துக்கோம்மா. முடிஞ்சா புரோட்டீன் பவுடரும் எடுத்துக்கோ. ஆனா தின்னா மட்டும் பத்தாது. கொஞ்சம் கொஞ்சமா வெயிட் தூக்கு, அப்பத்தான் சதை புடிக்கும்” என்றார் டாக்டரம்மா.

வீட்டு முட்டையெல்லாம் அவன் தட்டுக்கே சரியாய்ப் போனது. அலமாரியில் அவனுடைய புரோட்டீன் பவுடர் டப்பா இருந்தது. அவன் பரிசல் ஓட்ட ஆற்றுக்குப் போனதும் தினம் ஒரு கரண்டி பாலில் கலக்கிக் குடித்தாள். எடுத்த குழியில் வறுத்த கேழ்வரகு மாவைப் போட்டாள். சாக்லேட் நிறத்தோடு அது அப்படியே பொருந்திப்போனது. ஆற்றங்கரையில் அவள் போட்டிருந்த மீன் வறுவல் கடைக்குத் தண்ணீர்க் குடத்தை வலது கையிலேயே தூக்கினாள். முதலில் அரைக்குடத்துக்கே கை வெடவெடத்தது. ஆடிப்பெருக்குக் கூட்டம் வந்தபோது நிறைகுடத்தோடு பாறை ஏறினாள்.

“நாந்தாங்க தின்னேன்.”

“எதுக்குடி?”

“நீங்க ஒடச்ச கைக்கு.”

அவன் கொண்டையைப் பிடித்து அவள் முகத்தைச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் மூலையில் சாத்தியிருந்த துடுப்பு அவன் கைக்கு வந்திருந்தது. ஓங்கினான்.

அதே வலது கைதான் மேலே போனது. இந்த முறை உள்ளங்கை விரிந்திருந்தது. கட்டை வந்து மோதியதும் பழைய முறிவிலிருந்து தோள்பட்டை வரை நெருப்பு ஓடியது. விரல்கள் மட்டும் துடுப்பைச் சுற்றி மூடிக்கொண்டன.

அவன் இழுத்தான். மாவிலும் மீன் ரத்தத்திலும் அவள் கால் வழுக்கியது. துடுப்பு வரவில்லை. பல்லைக் கடித்து மறுபடியும் இழுத்தான். அவன் புஜத்தில் நரம்பு புடைத்தது.

“வுடுடி.”

“வுடமாட்டேன்.”

அந்தப் பேச்சில் ‘ங்க’ இல்லாதது அவளுக்கே புதிதாய்க் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், இழுப்பதை நிறுத்தினான். அவன் கண் மெல்ல அவள் இடது பக்கம் இறங்கியது. அவளும் பார்த்தாள். கை ஒடிந்த நாளிலிருந்து இடது கையாலேயே மீன் அறுத்துப் பழகியிருந்தாள்.

கத்தி இன்னும் அதில்தான் இருந்தது. அதன் நுனியிலிருந்து மீன் ரத்தம் ஒவ்வொரு சொட்டாய் விழ, கீழே பழுப்பு மாவு அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது.