யோகராஜா எழுதிய நற்சான்று

இரவு வேலை முடிந்து காலையில் லண்டன் சவுத்தாலில் ரயில் ஏறிய கையோடு சுஜீத்துக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. லிவர்பூல் ஸ்ட்ரீட் வருவதற்குள் ஐந்து தடவை வாசித்துவிட்டான். நிராகரித்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். இது நிராகரிப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. வணிக நிர்வாகப் பட்டப்படிப்புக்கு அவன் போட்ட விண்ணப்பத்தின் முடிவைப் பல்கலைக்கழகம் ஒத்திவைத்திருந்தது.

காரணத்தையும் எழுதியிருந்தார்கள். சிவில் பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டேன் என்று விண்ணப்பத்தில் அவன் சொல்லியிருந்தான். அவனுடைய முதலாளியின் நற்சான்றோ அவனைப் பட்டதாரி என்றது. எது உண்மை என்பதை நற்சான்று கொடுத்தவரே பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

நற்சான்றின் அந்தப் பகுதியைக் கீழே ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் அவன் அதை முதன்முதலாகப் பார்த்தான். ‘சுஜீத் நல்ல குடும்பத்துப் பிள்ளை. குடி, சிகரெட் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். சிவில் பொறியியல் பட்டதாரியாக இருந்தும் பெருமை பாராமல் பெட்டி தூக்குவார்.’

பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொன்னால் மனிதன் பெண்வீட்டாருக்கு எழுதியிருக்கிறார்.

முதலாளி யோகராஜாவிடம் மரக்கறி மொத்த விற்பனைக் களஞ்சியம் இருந்தது. விமானத்தில் வரும் முருங்கைக்காயையும் வல்லாரையையும் இரவில் இறக்கி, விடியுமுன் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது சுஜீத்தின் வேலை. மூன்று வருடம். எந்தக் கடை எந்தக் கிழமை என்ன எடுக்கும் என்று அவன் அட்டவணை போட்ட பிறகு, அழுகிக் குப்பைக்குப் போகும் பெட்டிகள் பாதியாகக் குறைந்தன. இதைப் படித்தே செய்யலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. படிப்பை விட்டபின் அவன் தானாக விரும்பிய முதல் விஷயம் இதுதான். நற்சான்றில் அட்டவணை பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆனால் யோகராஜாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர் எழுதினார். சுஜீத் வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். அவனுடைய அம்மா கமலாம்பிகை, மகன் படிக்கிறான் என்று சொல்வதை நிறுத்தவில்லை. பகலில் படிப்பு, இரவில் வேலை என்று ஊரே நம்பியது. இரண்டு வருடங்களுக்கு முன், கூடப் படித்தவர்களெல்லாம் பட்டம் வாங்கிய மாதத்தில், அம்மா அவனை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் வாடகைக்கு எடுத்த பட்டமளிப்பு உடுப்பைப் போடவைத்துப் படம் எடுத்தார். பிறகு இல்ஃபோர்டில் ஒரு கல்யாண ஹோல் வாடகைக்கு எடுத்து நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. யோகராஜா மேடையேறிப் பேசினார். வீடியோவும் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் நின்றார்.

“என்னவாம்?”

“தள்ளி வைச்சிருக்கிறாங்கள்.”

“எதுவரைக்கும்?”

“நான் பட்டதாரி இல்லையெண்டு யோகராஜா அங்கிள் எழுதிக் குடுக்கும்வரைக்கும்.”

அம்மா அடுப்பை அணைத்தார். “அவரிட்ட ஏன் கேட்டனீ? வேற ஆள் இல்லையோ?”

“மூண்டு வருசமா ஒரே முதலாளி. வேற ஆரிட்டக் கேக்கிறது, ஆர்ச்வே கோயில் முருகனிட்டயோ?”

“பகிடி விடாதை. அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கு லண்டன் முழுக்கத் தெரியும். நான் கோயிலுக்குப் போறேல்லையோ? நாலு பேரின்ர முகத்தைப் பாக்கிறேல்லையோ?”

“அம்மா, அந்த உடுப்பை வாடகைக்கு எடுத்தது நானோ?”

“போட்டுக்கொண்டு சிரிச்சது நீதானே.”

அவன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். வரவேற்பறைச் சுவரில் இருந்த அந்தப் படத்தில் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த நான்கு நாட்களும் பகலில் நித்திரை இல்லை. படுப்பான், எழும்புவான், இல்ஃபோர்ட் லேன் முழுக்க நடந்துவிட்டு வந்து திரும்பப் படுப்பான். பல்கலைக்கழகத்துக்குத் தானே ஒரு விளக்கம் எழுதி, அனுப்பாமல் அழித்தான். யோகராஜா வாசிக்காமல் கையெழுத்து வைக்கும் விதமாக ஒரு கடிதம் தயாரிக்கலாமா என்றும் யோசித்தான். ஒரு பொய்யைத் திருத்த இன்னொன்று என்றால், இப்போதிருக்கும் ஒன்றே போதும். வெண்டைக்காய்ப் பெட்டிகளைத் தப்பாக எண்ணி, ஹரோவுக்குப் போக வேண்டியதைக் குரொய்டனுக்கு அனுப்பினான்.

ஐந்தாம் நாள் காலை, வேலை முடிந்ததும் யோகராஜாவின் அறைக் கதவைத் தட்டினான். அவர் தேத்தண்ணியோடு இருந்தார்.

“அங்கிள், உங்கட கடிதத்தில ஒரு பிழை.”

“இங்கிலீசோ? மகளிட்டக் காட்டாமல் நானே எழுதினனான்.”

“இங்கிலீஸ் சரி. நான்தான் பிழை. நான் படிச்சு முடிக்கேல்லை.”

“எத்தினை பாடம் மிச்சம்?”

“முழுக்க மிச்சம். ரெண்டாம் வருசத்தில விட்டுட்டன்.”

யோகராஜா கோப்பையை வைத்தார். “அப்ப அந்த ஹோல்?”

“ஹோல் உண்மை. சாப்பாடு உண்மை. பட்டம்தான் இல்லை.”

“நான் மேடையில பத்து நிமிசம் கதைச்சனானடா!”

“பதினேழு” என்றான் சுஜீத். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. “சிவரூபினி அண்டைக்கே சொன்னவள்” என்றார். சிவரூபினி அவருடைய மகள், வழக்கறிஞர். “ஹோலில வைச்சிருந்த அந்தப் படத்தில நீ போட்டிருந்த தோள்துணி சட்டம் படிச்ச ஆக்கள் போடுற நிறமாம். தானும் அதைத்தான் போட்டவளாம். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? அடுத்தவன் பிள்ளையைப் பாத்து எரியாதை எண்டனான். வீடு போய்ச் சேருமட்டும் காருக்குள்ள அழுதவள்.”

சுஜீத்துக்கு இது தெரியாது.

“அங்கிள், கடிதத்துக்கு இண்டையோட சேத்து ஆறு நாள்தான்...”

“எனக்கு நாள் எண்ணிக் காட்டாதை. போ.”

இரண்டு நாட்கள் யோகராஜா அவனோடு பேசவில்லை. வேலைகளை வட்ஸ்அப்பில் எழுதினார். சுஜீத் ஒவ்வொரு தடவையும் போன் அதிரும்போது எடுத்துப் பார்த்தான். ‘வாழைப்பூ 12 பெட்டி.’ ‘கத்தரிக்காய் திருப்பி அனுப்பு.’ எட்டாம் நாள் காலை ஒரு கடிதத்தின் பிரதியை நீட்டினார்.

“நேற்றே அனுப்பியாச்சு. மகள் எழுதினவள். நான் முதல் அவளிட்ட மன்னிப்புக் கேட்டனான். உனக்காண்டி.”

ரயிலில் வாசித்தான். பொதுநிகழ்வொன்றில் தனக்குச் சொல்லப்பட்டதை விசாரிக்காமல் எழுதிவிட்டதாக யோகராஜா ஒப்புக்கொண்டிருந்தார். சுஜீத்திடம் பட்டம் இல்லை, அதைத் தன்னிடம் அவனே வந்து சொன்னான். மூன்று வருடத்தில் இரண்டு தடவை பிந்தி வந்திருக்கிறான். அவனுடைய அட்டவணையால் கழிவு பாதியாகக் குறைந்தது. அவ்வளவுதான். சுஜீத்துக்குத் தேவையானது எல்லாம் அதில் இருந்தது. நல்ல குடும்பம் என்ற வரி மட்டும் இல்லை.

இறங்கும்போது பல்கலைக்கழகத்தின் பதிலும் வந்தது. கடிதம் கிடைத்தது. தேர்வுக்குழு மறுபடி ஜூனில் கூடும். முடிவு அதன் பிறகு.

வீட்டில் அம்மா விளக்குகூடப் போடாமல் வரவேற்பறையில் இருந்தார். யாரோ போன் எடுத்துச் செய்தியைச் சொல்லியிருப்பார்கள்.

“என்ன எழுதியிருக்கிறார்?”

“உள்ளதை.”

“எங்கட குடும்பத்தைப் பற்றி?”

“ஒண்டும் எழுதேல்லை.”

அம்மா எழும்பி விளக்கைப் போட்டார். பிறகு ஒரு கதிரையை இழுத்துச் சுவரடியில் போட்டார். ஏறப்போனவர் நின்றுவிட்டார்.

“எனக்கு எட்டாது. நீயே கழட்டு.”

அவன் கதிரை இல்லாமலே எட்டிப் படத்தைக் கழற்றினான். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. ஆணி சுவரில் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடித்து அசைத்தான்.

“ஆணியைப் பிடுங்காதை.”

“அம்மா, அவங்கள் இன்னும் இடமே தரேல்லை.”

“பிடுங்காதை எண்டு சொன்னனான்.”

படத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தான். ஜூனுக்கு இன்னும் ஐந்து கிழமை. பத்து நிமிடத்தில் எழும்பி, மின்னஞ்சலைத் திரும்பவும் திறந்தான்.